இரண்டாம் வருஷக் கணக்குப் பெஞ்சு

1994 ஜூனில் பரீட்சை முடிவு வந்த அன்று நிர்மலின் பின்னால் மூன்று மர பெஞ்சுகள் வீட்டுக்கு வந்தன. புனேயில் ஆகுர்டிப் பக்கத்து இன்ஜினீயரிங் கல்லூரியிலிருந்து விஷ்ராந்த்வாடி வரைக்கும் ரோட்டின் இடது ஓரமாகவே நடந்து, நாலு மணிக்கெல்லாம் இரண்டாவது மாடி ஏறிவிட்டன. தவறிய பாடத்துக்கு ஒன்று வீதம், எந்த பெஞ்சில் உட்கார்ந்து தோற்றானோ அதுவே வரும். கல்லூரியில் இது எல்லோருக்கும் தெரியும்; சேரும்போது கொடுக்கிற புத்தகத்தில் மட்டும் போட மாட்டார்கள். பழைய சாமான்காரன் ஒருவன் ஒரு பெஞ்சைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் போனான். அது பாதி வழியில் குதித்துத் திரும்பிவிட்டது. மாடிப்படியில் பெஞ்சு நிற்கக் கூடாதென்று குடியிருப்பு சொசைட்டி செக்ரட்டரி நோட்டீஸ் ஒட்ட, நிர்மலின் அம்மா சரசா அவரோடு மராத்தியில் ஒரு மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, மூன்றையும் ஹாலுக்குள் இழுத்துப் போட்டாள்.

பாஸானால் பெஞ்சு தானே போய்விடும். தவறிய பாடங்களைச் சுமந்துகொண்டே அடுத்த வருஷத்துக்குப் போகலாம் என்று ஒரு சலுகை உண்டு, ஏ.டி.கே.டி. என்பார்கள். அதைச் சலுகை என்று நம்புகிற அசடுகளில் நிர்மலும் ஒருவன். டிசம்பரில் இரண்டு பாடத்தை எழுதித் தேறினான், இரண்டு பெஞ்சும் இறங்கிப் போயின. கணக்குக்கு மட்டும் ஃபார்மே போடவில்லை. நன்றாகப் படித்துவிட்டு மே மாதம் ஒரே அடியாக எழுதிவிடலாம் என்று எண்ணம். எழுதாத பரீட்சையும் ஒரு வாய்ப்பாகவே கழியும் என்று எந்தப் புண்ணியவானும் அவனிடம் சொல்லவில்லை. பரீட்சைப் பிரிவு ஜன்னலில் இருந்த அம்மாளிடம் போய்க் கேட்டபோது, நீ கேட்கவில்லையே, அதனால் சொல்லவில்லை என்றாள். கழிந்த ஒவ்வொரு வாய்ப்புக்கும் பெஞ்சின் எடை கூடியது. மே மாதம் முப்பத்திரண்டு மார்க், டிசம்பரில் முப்பத்தாறு; தேற நாற்பது வேண்டும். கீழ் வீட்டுக்காரர் தன் சீலிங்கில் விழுந்த விரிசலைக் காட்ட வாரா வாரம் மேலே வந்தார். 1996இல் மறுபடி கணக்குப் போயிற்று. இரண்டாம் வருஷப் பாடம் பாக்கி இருந்தால் கடைசி வருஷத்துக்குள் காலெடுத்து வைக்க முடியாது. ஆக, மூன்றாம் வருஷத்தை முடித்த பிறகு இரண்டு முழு வருஷம் நிர்மல் வீட்டில் உட்கார்ந்தான்.

அப்பா சேஷு ராணுவக் கணக்கு ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் கூட்டல் பிழை இல்லாமல் கழித்தவர். அவருடைய பிள்ளை கணக்கில் போனதை மன்னிக்கிற உத்தேசம் அவருக்கு இல்லை. பெஞ்சு வந்த அன்றே பிள்ளையோடு பேச்சை நிறுத்திவிட்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் பெஞ்சிடம் சொன்னார். "ஏம்ப்பா, தொரை எழுந்தாச்சா? சித்த கேட்டுச் சொல்லு" என்பார், நிர்மல் எதிரே நின்று பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே. 1996 சரஸ்வதி பூஜைக்கு நிர்மல் தன் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தான். சேஷு அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு, பெஞ்சைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, சுண்டலை முதலில் அதற்குக் காட்டினார். பிள்ளையை அவமானப்படுத்தத்தான் செய்தார். செய்யக்கூடாத காரியம். பூஜை பண்ணிய பெஞ்சு, வீடு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டுவிட்டது.

1997 மே மாதம் பழைய பாடத்திட்டத்துக்குக் கடைசிப் பரீட்சை. அதில் போனால் இரண்டாம் வருஷத்தைப் புதுப் பாடங்களோடு முதலிலிருந்து படிக்க வேண்டும். நிர்மல் எழுதினான், நாற்பத்தொன்று வாங்கினான். பெஞ்சு அசையவில்லை. கல்லூரிப் பரீட்சை ஹாலில் அறுபது பெஞ்சு இருக்க வேண்டும், ஐம்பத்தொன்பதுதான் இருக்கிறது. எண்ணிக்கை சரியாகாமல் மார்க் ஷீட் கிடையாது என்று ஜன்னல் அம்மாள் சொல்லிவிட்டாள். கடைசி வருஷத்தில் சேர ஜூலை முப்பத்தொன்று கெடு. நிர்மல் பெஞ்சைத் தள்ளினான், கயிறு கட்டி இழுத்தான், உதைத்தான்; கால் பெருவிரல் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

கெடு நாளன்று காலை சரசா பொறுமை இழந்தாள். "நீங்க பொட்டு வெச்சேள், நீங்க சொன்னாத்தான் போகும். சொல்லுங்கோ."

"இந்தாத்துல நான் பேசறதைக் கேக்கறது அது ஒண்ணுதான்" என்றார் சேஷு. அவர் ரிடையராகி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"அதுக்கு வாயில்லை, அதான் கேக்கறது" என்றாள் சரசா.

நிர்மல் அப்பாவின் நேர் எதிரே வந்து நின்றான். "அது போகலேன்னா நானும் போகலை. இன்னும் மூணு வருஷம் இந்த ஹால்லயேதான் இருப்பேன். கார்த்தால எழுந்ததும் என் மூஞ்சியைப் பாத்துண்டு இருங்கோ."

சேஷு உடனே செருப்பை மாட்டிக்கொண்டார். அவர் இறங்க, பெஞ்சும் பின்னாலேயே இறங்கியது. பஸ்ஸில் கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். பரீட்சை ஹாலில் நாலாவது வரிசையில் காலியாக இருந்த இடத்தில் பெஞ்சு போய் நின்றது. அவர் திரும்பி நடந்தால் அதுவும் நடந்தது. மூன்று தடவை பார்த்தார். பிறகு அதில் உட்கார்ந்தார். ஜன்னல் அம்மாள் வந்து அறுபது என்று எண்ணிவிட்டு, நிர்மலிடம் மார்க் ஷீட்டைக் கொடுத்தாள். மணி ஐந்தாக இருபது நிமிஷம் இருந்தது.

எழுந்தால் பெஞ்சும் எழுந்துவிடும், எண்ணிக்கை மறுபடி ஐம்பத்தொன்பதாகிவிடும் என்பதால் சேஷு எழுந்திருக்கவில்லை. முதல் மழைக்காலத்தில் பையன்கள் சிரித்தார்கள், அப்புறம் பழகிவிட்டது. பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருக்கிறவர் யாரானாலும் கேள்வித்தாள் தரவேண்டும் என்பது விதி; தந்தார்கள். எழுதினார், தவறினார். தவறியவரின் பெயர் பதிவேட்டில் ஏறிவிடும், ஏறியது. நிர்மல் கடைசி வருஷத்தை முடித்துத் தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். தினமும் லோகல் ரயிலில் போகும்போது ஆகுர்டியில் இறங்கி, சரசா கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸை அவர் முன்னால் டொக்கென்று வைத்துவிட்டு, அடுத்த வண்டியைப் பிடிப்பான். எட்டு வருஷத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கணக்கு ஆபீஸின் கூட்டலும் கழித்தலும் இந்தக் கணக்குக்குக் காணாது. சேஷுவுக்குப் பதினொன்று, பத்தொன்பது, இருபத்தேழு என்று வந்துகொண்டிருந்தது.

2005 ஜூன் முடிவில் அவருக்கு முப்பத்தெட்டு. போர்டில் பார்த்துவிட்டு நிர்மல் ஹாலுக்குள் வந்தபோது, பையன்கள் சொல்லி மார்க் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயது முகம், அழுகிற மாதிரி இருந்தது.

"ரெண்டு மார்க்டா" என்றார். "ரெண்டே ரெண்டு மார்க். திருத்தினவன் கண்ணு அவிஞ்சு போக."

அவர் தன்னோடு பேசுவார் என்று நிர்மல் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எந்தக் கணக்குல விட்டேள்? காமிங்கோ" என்றான்.

அன்று அவன் தளேகாவுக்குப் போகவில்லை. கவுண்டர் மூடுவதற்குள் டிசம்பர் பரீட்சைக்கு ஃபார்ம் வாங்கிவந்தான். பெயர், வயது, எத்தனையாவது தடவை என்று அவர் சொல்லச்சொல்ல எழுதிக் கொடுத்தான்.