மிச்சம் பிடித்த ஒரு மணி நேரம்

டாயெங் சிதாபாவின் மகள் ரம்லாவுக்கு ஜாவாத் தீவின் சுரபாயாவில் காலை பத்து மணிக்கு நிக்காஹ். பெண்ணைக் கொடுக்க வேண்டிய தகப்பனோ மக்காசார் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தார். விமானம் தாமதமாகி, ஒன்பது மணிக்குத்தான் கிளம்புமாம்.

சம்பந்தி சுகோச்சோ போனில் விட்ட பெருமூச்சில் ஜாவாவின் தென்னைகள் பாதி சாய்ந்திருக்கும்.

“ஒன்பதும் ஒன்றரையும் பத்தரை, சம்பந்தி. நிக்காஹ் நடத்துற காஜியாருக்கு அடுத்த கல்யாணம் இருக்கு. உங்களுக்குப் பதிலா அவரே பொண்ணக் கொடுத்துடட்டும்.”

“பெத்தவன் நான் இருக்கையில அவரா? ஒன்பதரைக்கு அங்க இறங்குறேன்.”

“எண்ணூறு கிலோமீட்டர் அரை மணியிலயா? வர்றது விமானத்துலயா, பீரங்கியிலயா?”

“வந்துட்டா என் பெட்டிய நீங்கதான் தூக்கணும்.”

ஒன்றரை மணி நேரம் பறந்து இறங்கியபோது சுரபாயாவில் மணி ஒன்பதரை. கிழக்கே வேறு தீவில் இருக்கும் மக்காசாரின் கடிகாரம் சுரபாயாவைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடும். ஜாவாவைத் தாண்டாத சுகோச்சோவுக்குக் கைக்கடிகாரத்தைத் திருப்பும் வேலையே வந்ததில்லை.

மண்டபம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. சிதாபா நெஞ்சை நிமிர்த்தி நுழைந்தார். காஜியார் நகர்ந்து இடம்விட்டார். சிதாபா மாப்பிள்ளையின் கையைப் பற்றி, மக்காசார் வரை கேட்கும் குரலில் மகளைக் கொடுத்தார்.

சுகோச்சோ பெட்டியைத் தூக்கித் தள்ளாடினார்.

“இந்தக் கனம் கனக்குதே, உள்ள என்ன சம்பந்தி?”

“வழியில மிச்சம் பிடிச்ச ஒரு மணி நேரம். பத்திரமா வைங்க, ஊருக்குத் திரும்பையில கொடுத்துடணும்.”