சீமாட்டியின் வயிறு

சீமாட்டிக்குத் தொப்பை போட்டுவிட்டது என்று முதலில் காட்டிக்கொடுத்தது சேணத்தின் பட்டைதான். குதிரையின் வயிற்றுக்குக் கீழே இழுத்துப் பூட்டுகிற தோல் பட்டை அது. சீமாட்டி என்ற அந்தக் குதிரையை வாங்கி வந்த புதிதில் மூன்றாவது ஓட்டையில் சுலபமாகப் பூட்டிய பட்டை, இப்போது முதல் ஓட்டைக்கே வருவேனா என்றது.

"நின்ன இடத்துலயே தின்னு தின்னு கொழுத்துட்டா மகாராணி" என்றாள் குதிரைக்காரி.

ஊரே அவளை அப்படித்தான் கூப்பிடும். சின்னப் பிள்ளைகளிலிருந்து ரிட்டையர் ஆனவர்கள் வரை, குதிரையேற வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள். தீனி, லாடம், சாணம் எல்லாம் அவள் கணவன் பொறுப்பு. மாமியார் வீட்டோடு இருந்தார். வீட்டுக்கும் லாயத்துக்கும் நடுவே ஒரு சுவரும் அதில் ஒரு சின்னக் கதவும்தான். ஆனாலும் மாமியார் அந்தக் கதவைத் தாண்டி லாயத்துக்குள் கால் வைத்துப் பல வருஷம் ஆகிறது.

லாயக்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குதிரையைப் பார்க்க மாட்டார்கள், பட்டையைப் பார்ப்பார்கள். பட்டை தொளதொளத்தால் தீனியைக் கூட்டு. இறுகினால் தீனியைக் குறை, ஓட்டத்தைக் கூட்டு. குதிரைக்காரியும் அதையேதான் செய்தாள். தானியத்தில் பாதியை நிறுத்தினாள். மற்ற குதிரைகள் நிழலுக்குப் போன பிறகும் சீமாட்டியை மட்டும் வட்டமாக ஓடவிட்டாள். சீமாட்டி சமர்த்து. பெருமூச்சு விட்டுக்கொண்டே ஓடினாள். வயிறு மட்டும் இம்மியும் குறையவில்லை.

வேறொரு குதிரைக்குப் பல் பார்க்க வந்த கால்நடை டாக்டர், போகிற போக்கில் சீமாட்டியைப் பார்த்துவிட்டு நின்றார். விலாவில் கை வைத்தார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு சாவகாசமாகச் சோதித்தார்.

"யாரும்மா இவளைப் பட்டினி போடுறது?"

"பட்டினியா? தொப்பையைக் குறைக்கிறோம் டாக்டர்."

"நல்ல தொப்பைதான் போங்க! இன்னும் நாலஞ்சு மாசம் போனா அந்தத் தொப்பை எழுந்து நின்னு பால் குடிக்கும்."

குதிரையை விற்றவன் அப்போது இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவனுக்கே தெரிந்ததோ இல்லையோ, யார் கண்டது? கணவனுக்குத் தலைகால் புரியவில்லை. "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்!" என்று சிரித்தான். குதிரைக்காரி சிரிக்கவில்லை. தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். சினைக் குதிரையை அல்லவா வயிற்றைக் காயப்போட்டு ஓட்டியிருக்கிறாள்!

"இனிமே துரத்தாதீங்க, தாண்ட விடாதீங்க" என்றார் டாக்டர். "தானியத்தைப் பழையபடி குடுங்க. எட்டாம் மாசம் வரைக்கும் லேசா ஏறி நடக்க வெக்கலாம், தப்பில்ல. நடக்கிறது அவளுக்கு நல்லது." குதிரைக்காரியின் காதில் அதெல்லாம் ஏறவே இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். கல்யாணமான புதிதில் அவள் முழுகாமல் இருந்தாள். அது தெரிவதற்கு முன்னாலும் குதிரை ஏறினாள், தெரிந்த பிறகும் கொஞ்ச நாள் ஏறினாள். மூன்றாம் மாசம் கரு கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரி டாக்டர் இது தன்னால் ஆகிறதுதான், யாரும் காரணமில்லை என்று சொல்லிப் பார்த்தார். ஆனால் வராந்தாவில் மாமியார், வந்தவர் போனவரிடமெல்லாம் மாரில் அடித்துக்கொண்டு சொன்னார்: "ஏறாதே ஏறாதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? தன் வயித்தைத் தானே கெடுத்துக்கிட்டா."

கதவு திறந்துதான் இருந்தது. கட்டிலில் படுத்திருந்தவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. டாக்டர் சொன்னது அன்றைக்கே மறந்துபோயிற்று, இது மறக்கவில்லை. அதற்கப்புறம் அவள் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. அன்றைக்கு அவள் அழக்கூட இல்லை. கெடுத்தவளே அழுதால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? நாமெல்லாம் இப்படித்தான், வாய்க்கு வந்ததைக் கொட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவோம். வாங்கிக் கட்டிக்கொண்டவள் தூங்கினாளா என்று திரும்பிப் பார்ப்போமா?

இப்போது மறுபடியும் ஒரு வயிறு. மறுபடியும் அவள் கை. இது கலைந்தால் அதுவும் தன்னால்தான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

சீமாட்டியின் சேணத்தை எட்டாத கொக்கியில் மாட்டினாள். கொட்டடியில் வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி, அவளை உள்ளே விட்டுத் தாழ் போட்டாள். யாரும் ஏறக் கூடாது, ஏன், வெளியே கூட்டிப் போகக் கூடாது.

"டாக்டர் நடக்க வைக்கத்தானே சொன்னார்?" என்றான் கணவன்.

"அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவார். ஏதாவது ஆச்சுன்னா யார் தலையில விடியும்?"

அவனுக்கு அது யார் குரல் என்று புரிந்தது. வாயை மூடிக்கொண்டான். இந்த விஷயத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான், ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் செய்தான்.

ஒரு வாரம் போயிருக்கும். சீமாட்டியின் பின்னங்கால்கள் இரண்டும் பொதபொதவென்று வீங்கிவிட்டன. அடிவயிற்றிலும் நீர் கோத்திருந்தது. குதிரைக்காரிக்கு உயிரே இல்லை. டாக்டர் வந்து ஸ்கேன் கருவியை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"குட்டி நல்லா இருக்கு. கால் வீங்கினது நின்னுக்கிட்டே இருந்ததால. முதல்ல ஒரேயடியா ஓட்டம், இப்போ ஒரேயடியா சிறை. நடுவுல நடைன்னு ஒண்ணு இருக்கேம்மா!"

"டாக்டர், நான் அப்படி ஓட்டினேனே... அதுல உள்ள எதுவும்...?"

அவள் குரலில் என்ன இருந்ததோ, டாக்டர் கருவியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "தீனியைக் குறைச்சது தப்புதான், இல்லைங்கல. ஆனா ஓட்டினதால மட்டும் உதிர்ந்துடுற பூ இல்லம்மா அது. சில கரு பொத்திப் பொத்தி வெச்சாலும் போயிடும். உண்டாகும்போதே அப்படி உண்டாகுது. நானும் எத்தனையோ பார்த்துட்டேன். அதுக்கு யார் மேல பழி போடுறது?"

சின்னக் கதவருகே சத்தம் கேட்டது. டாக்டருக்கு டீ கொண்டுவந்த மாமியார் அங்கேயே நின்றிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. டீயைச் சுவர் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை சீமாட்டியை நடக்க வைத்தே ஆக வேண்டும். கணவன் கயிற்றைப் பிடித்து வெளியே கூட்டி வந்தான். அங்கேதான் வம்பு. சீமாட்டி ஆள் ஏறினால் அடக்க ஒடுக்கமாக நடப்பாள், கயிற்றில் பிடித்தால் ஆட்டம் போடுவாள். அதுவும் ஒரு வாரம் அடைந்து கிடந்தவள்! துள்ளிய துள்ளலில் ஈரக் கல்லில் கால் வழுக்கிச் சாயப் பார்த்தாள். குதிரைக்காரி ஐயோ என்று அலறிவிட்டாள்.

"இது சரிப்படாது, நீ ஏறிடு" என்றான் கணவன் மூச்சிரைக்க. "என் கனத்துக்கு நான் ஏறினா இவளுக்கு வயித்துல ஒண்ணு, முதுகுல ஒண்ணுன்னு ரெட்டைச் சுமை."

சேணம் இறங்கி வந்தது, கயிற்றுக்குப் பதில் கணவன் கடிவாளம் மாட்டிப் பிடித்துக்கொண்டான். மெத்தென்ற துணியை மடித்துப் போட்டாள். பட்டையை முதல் ஓட்டையிலேயே லேசாகப் பூட்டினாள். ஊருக்கெல்லாம் குதிரையேறச் சொல்லிக்கொடுத்தவள், சேணத்தில் தொங்கிய அங்கவடியில் ஒரு காலை வைத்துவிட்டு மேலே எழும்ப முடியாமல் நின்றாள்.

"என்னால முடியாதுங்க. வேற யாரையாவது கூப்பிடுங்க."

அப்போது சின்னக் கதவு திறந்தது. மாமியார் சாணத்தை மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து வந்தார். மகன் கையிலிருந்து கடிவாளத்தை வாங்கிக்கொண்டார். குதிரையைத் தொடவே பயப்படுகிறவர். பிடித்த பிடியில் விரல் வெளுத்தது.

"ஏறு" என்றார்.

"ஏதாவது ஆயிட்டா, அத்தை?"

"ஆனா ஆகட்டும். உன்னாலன்னு நான் சொல்ல மாட்டேன். எவளையும் சொல்ல விடவும் மாட்டேன்."

மாமியார் குதிரையின் கழுத்தைப் பார்த்தபடியே மேலும் சொன்னார்.

"அன்னிக்கும் சொல்லியிருக்கக் கூடாது. பேரப் பிள்ளை போச்சேன்னு எனக்கு வயித்தெரிச்சல். அழத் தெரியாம உன்னைத் திட்டிட்டேன். தப்பு என்னுதுதாம்மா."

மன்னித்துவிட்டாளா என்று கேட்காதீர்கள். இத்தனை வருஷத்துக் காயம் ஒரு காலையில் ஆறிவிடுமா என்ன? ஆனால் அவள் அங்கவடியில் மறுபடி காலை ஊன்றினாள். ஒரு மூச்சில் ஏறி, குதிரைக்கு வலிக்காமல் மெல்ல உட்கார்ந்தாள்.

குட்டி பின்னால் நல்லபடியாகப் பிறந்தது, நீங்கள் கவலைப்பட வேண்டாம். அந்தக் காலையில் மட்டும் அது யாருக்கும் தெரியாது.

சீமாட்டி நடந்தாள், பூனை மாதிரி. ஏறியவளுக்குக் கடிவாளம் பிடிக்க ஆள் தேவையில்லைதான். ஆனாலும் மாமியார் விடாமல் கூடவே நடந்தார். ஒரு சுற்று முடிந்து சீமாட்டி தொட்டியில் தலையை விட்டுத் தண்ணீர் குடித்தாள். குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனதும் விலாப் பக்கம் ஒரு புடைப்பு எழுந்து அடங்கியது. குதிரைக்காரி சேணத்திலிருந்தே பின்னால் சாய்ந்து அங்கே கை வைத்தாள்.

"அத்தை, இங்க கையை வைங்க."

மாமியார் பயந்து பயந்து வைத்தார்.

"ஐயோ, உதைக்குதுடி!"

அவ்வளவுதான். மேலே இருந்தவளுக்கு எங்கிருந்து வந்ததோ, பொலபொலவென்று அழுகை வந்துவிட்டது. இந்தக் குட்டிக்காக இல்லை. அந்தக் கட்டிலில் அழாமல் விட்ட பிள்ளைக்காக, இப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

கணவன் பதறி ஓடி வந்தான். மாமியார் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். அழாதே என்று சொல்லவில்லை. கடிவாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு சுற்று நடத்தினார்.