மேவிஸின் துப்பாக்கி

செத்துப்போன ஒருத்தி மேல் முப்பது வருஷம் பொறாமைப்படுவதற்குத் தெம்பு வேண்டும். லோரீனுக்கு அது இருந்தது. வயது எழுபத்தி மூன்று, மூட்டுவலியில் விரல்கள் எல்லாம் கோணிவிட்டன, முழங்கால் மழை வருவதை முன்கூட்டியே சொல்லிவிடும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் தளரவே இல்லை.

செத்தவள் பெயர் மேவிஸ், ஹார்லனின் முதல் மனைவி. அவளை அடக்கம் செய்து நாலு வருஷம் கழித்துத்தான் ஹார்லன் லோரீனைக் கட்டிக்கொண்டார். யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. ஆனால் குடிவந்த வீட்டில் மேவிஸ் தைத்த திரைச்சீலை தொங்கியது, மேவிஸ் நட்ட ரோஜா பூத்தது. லோரீன் திரைச்சீலையைக் கொளுத்தினாள். ரோஜாவுக்குத் தண்ணீர் விட மறந்தாள், மறந்துகொண்டே இருந்தாள். மிஞ்சியது படுக்கையறை இழுப்பறையில் கிடந்த ரிவால்வர் ஒன்றுதான். "இதையும் தொலைச்சுடலாமே" என்று ஒருநாள் அவள் கேட்டதற்கு ஹார்லன், "அது மேவிஸோடது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதன் பிறகு அந்த வீட்டில் அந்தத் துப்பாக்கியைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று ஆகிவிட்டது.

போன குளிர்காலத்தில் ஹார்லன் போய்ச் சேர்ந்தார். லோரீன் தனியானாள். ஊருக்கு வெளியே, சரளைக்கல் சாலையின் கடைசி வீடு அது. ஷெரிஃப் அலுவலகத்துக்கு போன் போட்டால், அவர்கள் வருவதற்குள் ஒரு கேக் சுட்டு ஆறவும் வைத்துவிடலாம். வசந்தத்தில் எவனோ கொட்டகைப் பூட்டை அறுத்து ஹார்லனின் மரம் வெட்டும் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு போனான். அன்றைக்கே, கைத்துப்பாக்கி ஒன்று வாங்கியே ஆகவேண்டும் என்று லோரீன் முடிவு செய்தாள். இழுப்பறையில்தான் ஒன்று இருக்கிறதே என்றால், அதைத் தொடுவதற்குப் பதில் திருடனுக்கே காப்பி போட்டுக் கொடுத்துவிடுவாள்.

ஓக்லஹோமாவின் அந்த மூலையில் துப்பாக்கி என்றால் வெர்ஜில் கடைதான். யார் வீட்டில் எந்தத் துப்பாக்கி, அதற்கு என்ன வியாதி என்பது அவருக்கு அத்துப்படி. லோரீனை உட்காரவைத்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். முதலாவதின் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்தால்தான் தோட்டா ஏறும். லோரீன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள், அது அசையவில்லை. அடுத்தது வயதானவர்களுக்கென்றே மெல்லிய சுருள்வில் வைத்துச் செய்தது, அழகாக இழுபட்டது. விலைச்சீட்டைப் பார்த்ததும் சூடான பாத்திரத்தைத் தொட்டவள் போலக் கீழே வைத்துவிட்டாள். இருப்பதிலேயே மலிவானதை அவள் காட்டியபோது வெர்ஜிலே தலையை ஆட்டினார்.

"இது அப்பப்போ சிக்கிக்கும் லோரீன். கொஞ்சம் பொறுன்னு திருடன்கிட்ட சொல்ல முடியாது."

ரிவால்வர்தான் சரி, இழுக்கவும் வேண்டாம், சிக்கவும் சிக்காது, விசையை அழுத்தினால் போதும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லோரீன் பையிலிருந்து அடுக்களைத் துண்டில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள். இதைக் கொடுத்தால் புதிய ரிவால்வரில் எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேட்டாள்.

வெர்ஜில் துண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "நீங்க இதைக் கையில புடிச்சுப் பார்த்தீங்களா? போன வருஷம் ஹார்லன் இதை எங்கிட்ட கொண்டுவந்து..."

"அவ சாமானுக்கு அவரு என்ன சீராட்டு சீராட்டினார்ங்கற கதை எனக்கு வேண்டாம் வெர்ஜில். எவ்வளவு கழிப்பீங்க, அதைச் சொல்லுங்க."

இத்தனை வருஷம் கடை நடத்தியவருக்கு எந்தக் குரலுக்கு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தெரியும். மூடிக்கொண்டார்.

லோரீன் எடுத்துக்கொண்டது சோப்புக்கட்டி கனம்கூட இல்லாத குட்டி ரிவால்வர். தூக்குவதற்கு லேசாக இருந்தால் சுடும்போது உதை முழுவதையும் கைதான் வாங்கும், எஃகுத் துப்பாக்கியின் கனம்தான் பாதி உதையைத் தின்னும் என்று வெர்ஜில் எச்சரித்தார். அது அவள் காதில் ஏறவில்லை. இது புதுசு, வேறு எவளும் தொடாதது. அவளுக்கு அது போதும்.

கடைக்குப் பின்னால் சுடுதளம் உண்டு, செவ்வாய்க்கிழமை காலை பெண்களுக்கு மட்டும். லோரீன் முதல் குண்டைச் சுட்டாள். உள்ளங்கையில் வாங்கிய அடி முழங்கை வரை போனது. இரண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு சுட்டாள். மூன்றாவதற்கு விசையை இழுக்க ஒரு விரல் போதவில்லை, இரண்டு விரலைக் கொடுத்தாள். குறிக்காகிதத்தில் ஒரு ஓட்டையும் இல்லை, கட்டைவிரல் இடுக்கில் மட்டும் தோல் கிழிந்திருந்தது. வீட்டுக்கு வந்து அதை இழுப்பறையில் வைத்தவள், அதன் பிறகு திருடனைவிட அதற்குத்தான் அதிகம் பயந்தாள்.

ஆனாலும் வீம்பு விடவில்லை. கோடைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மறுபடி போனாள். பக்கத்துத் தடுப்பில் நெட்டி நின்றுகொண்டிருந்தாள். மேவிஸின் உயிர்த்தோழி இவள். தேவாலய விருந்தில் லோரீன் எதைச் சமைத்துக் கொண்டுபோனாலும், "மேவிஸா இருந்தா இதுல இன்னும் கொஞ்சம் மிளகு தட்டியிருப்பா கண்ணு" என்று முப்பது வருஷமாகச் சொல்லிவருபவள். நெட்டி நிதானமாகச் சுட்டாள், நடு வட்டத்தில் ஓட்டைகள் ஒட்டி ஒட்டி விழுந்தன. அவள் கையில் இருந்தது எது என்று லோரீனுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. வயிறு எரிந்தது. தலைமுழுகிய பிறகும் அது மேவிஸ் கட்சியிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது.

"சிநேகிதி ஞாபகமா வாங்கி வெச்சுக்கிட்டியாக்கும்" என்றாள், அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

நெட்டி காதுமூடியைக் கழற்றினாள். "ஞாபகமா? வெர்ஜில் சொல்லித்தான் இது அவளோடதுன்னே எனக்குத் தெரியும் கண்ணு. மேவிஸ் கை மண்வெட்டி மாதிரி இருக்குமே, இந்தப் பிடி அவ கைக்குள்ள காணாமப் போயிருக்கும். அவ இருந்தப்பவே நான் இதுல சுட்டுப் பார்த்திருக்கேன். விசை இழுத்து முடியுறதுக்குள்ள ஆயுசு போயிடும். இப்ப பாரு, தொட்டாப் போதும்."

லோரீன் திரும்பினாள். வெர்ஜில் வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் இதை மாற்றியது என்று அவரிடம் கேட்டாள்.

தான்தான் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஹார்லன் சாவதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில் கொண்டுவந்திருக்கிறார். சுருள்வில்லை மாற்றி, உள்ளே எல்லாம் இழைத்து, பழைய பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு வால்நட் மரத்தில் சின்னதாக ஒரு பிடி செதுக்கச் சொல்லியிருக்கிறார். அளவுக்கு ஒரு தோட்டக் கையுறையைக் கொடுத்திருக்கிறார். நாய்தான் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று லோரீன் திட்டித் தீர்த்த கையுறை அது.

"சட்டைப் பொத்தான் போடவே அவளுக்கு விரல் வரல, நான் போனப்புறம் தனியா இருப்பா, அவளுக்குச் சுட வரணும்னு சொன்னார்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அந்தப் பேச்சை எடுத்தாலே சாப்பாட்டுத் தட்டை விட்டு எந்திரிச்சுப் போயிடுவீங்களாம். நேரம் பார்த்துச் சொல்றேன்னார். அன்னைக்கு நான் சொல்ல வந்தேன் லோரீன், நீங்க விடல."

லோரீனுக்கு முதலில் வந்தது கோபம்தான். புதுசாக ஒன்று வாங்கித் தரக் கூடாதா அந்தக் கஞ்சப் பிசினாறி மனுஷன்? அப்புறம், அவர் அவளுடைய கையுறையைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு இந்தக் கடை வாசலில் வந்து நின்றதை நினைத்துப் பார்த்தாள். கோபம் நிலைக்கவில்லை.

"நெட்டி, அது என்னோடது" என்றாள். இத்தனை வருஷத்தில் அந்தத் துப்பாக்கியை அவள் அப்படிச் சொன்னதே இல்லை.

"இருந்துச்சு கண்ணு" என்றாள் நெட்டி.

கொடுத்த விலைக்கு மேலேயே தருகிறேன் என்றாள் லோரீன். நெட்டி தன் கைகளை நீட்டிக் காட்டினாள். அந்த விரல்களும் கோணித்தான் இருந்தன, முட்டிகள் வீங்கியிருந்தன. "நானும் தனியாத்தானே இருக்கேன். மூணு ஊர்க் கடை ஏறி இறங்கிட்டேன். இந்தக் கைக்கு வசப்பட்டது இது ஒண்ணுதான். உனக்குன்னு செஞ்சதுன்னு தெரிஞ்சிருந்தா கேட்டுட்டு வாங்கியிருப்பேன். இப்ப குடுக்க முடியாது கண்ணு." அதில் வன்மமே இல்லை. இருந்திருந்தால் லோரீனுக்குச் சண்டையாவது போட வசதியாக இருந்திருக்கும்.

நெட்டி உருளையில் தோட்டாக்களை நிரப்பி ரிவால்வரை மேடை மேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். லோரீன் எடுத்தாள். பிடி உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்தது, கோணிய சுண்டுவிரலுக்குக்கூட ஒரு பள்ளம் விட்டிருந்தார்கள். கையில் வலி இல்லை, கண்ணையும் மூடவில்லை. உருளை காலியாகும் வரை சுட்டாள். எல்லாம் காகிதத்தில் விழுந்தன. பிறகு உருளையைத் திறந்து காலி உறைகளைக் கொட்டினாள், முறைப்படி. துப்பாக்கி அவள் கையிலேயே இருந்தது.

"அடுத்த செவ்வாயும் வா" என்று சொல்லி நெட்டி கையை நீட்டினாள். "எப்ப வேணும்னாலும் தர்றேன், சுட்டுக்கோ."

அந்தச் சின்னப் பிடியை நெட்டியின் விரல்கள் சுற்றிக்கொள்வதை லோரீன் பார்த்துக்கொண்டே நின்றாள். மேவிஸ் மேல்கூட அவள் இவ்வளவு பொறாமைப்பட்டதில்லை.

"வர்றேன்" என்றாள்.