கண்ணாடியில் இல்லாத சுயம்புகனி

இப்போதுள்ள ஆளுகளுக்கு எங்கேயும் நேரில் போகத் தெரியாது என்பது வைகுண்டராஜனின் எண்ணம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போனில் மூஞ்சியைக் காட்டுகிறார்கள். சாவுச் செய்திக்குக் கை கூப்பின படம் ஒன்றை அனுப்பிவிட்டுச் சோறு தின்னப் போகிறார்கள். பெற்ற மகன் சிவபிரசாத்தே மஸ்கட்டிலிருந்து ஞாயிறுதோறும் பாதி நெற்றியை மட்டும் காட்டி, தெரியுதா அப்பா என்று கேட்கிறான். தெரிந்து என்ன ஆகப்போகிறது.

குழித்துறைச் சந்தையில் ஐம்பது வருடம் வாழைக்குலை விற்றவர் அவர். குலையைக் கையால் தூக்கிப் பார்க்காமல் விலை பேசுகிறவனை ஒருநாளும் நம்பியதில்லை. அவரையும் மனைவி சுயம்புகனியையும் மகன் இந்த முதியோர் இல்லத்தில் கொண்டுவிட்டு ஒன்றரை வருடமாகிறது. ஆண்களுக்கு ஒரு கட்டடம், பெண்களுக்கு ஒரு கட்டடம். சாயங்காலம் நாலிலிருந்து அஞ்சு வரை மனைவியைப் பார்க்கலாம். ஐம்பத்திரண்டு வருடம் கூடக் கிடந்தவளைப் பார்க்க ஒரு மணி நேரம்.

அந்தச் சுயம்புகனி மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

அவளுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. இரணியல் பக்கம் அவள் பிறந்த ஊரில் இருக்கிற நிழல்தாங்கலுக்கு ஒரு தடவை போய்வர வேண்டும். ஐயாவைத் தெய்வமாகக் கும்பிடுகிற ஐயாவழிக்காரர்களின் வழிபாட்டு இடம் அது, தாங்கலில் சிலை கிடையாது. விளக்குகளுக்கு நடுவே ஒரு கண்ணாடிதான் இருக்கும். போகிறவன் அதன் முன்னால் நின்று, அதில் தெரிகிற தன் உருவத்தைப் பார்த்துக் கும்பிட வேண்டும். கூட்டிப்போக மகன் சம்மதிக்கவில்லை. அம்மைக்கு நெஞ்சு பலமில்லை, ரோட்டுக் குலுக்கல் தாங்காது என்றுவிட்டான்.

இல்லத்து மேனேஜர் தேவகுமார் கெட்டவன் இல்லை. அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். கண்ணை மறைத்து முகத்தில் மாட்டுகிற ஒரு பெட்டி அங்கே வந்திருந்தது. மாட்டினால் உட்கார்ந்த இடத்திலேயே ஊர் சுற்றலாம். நாலைந்து பேர் காஷ்மீர் பனியைப் பார்த்து நடுங்கிக்கூடக் காட்டினார்கள். தேவகுமார் ஆளனுப்பி அந்தத் தாங்கலையே படம் பிடித்து வரச் செய்தான்.

சுயம்புகனி அன்றைக்குக் குளித்து, நெற்றியில் நாமம் இட்டு வந்து உட்கார்ந்தாள். பெட்டியை மாட்டினதும் சிரித்தாள். வாசல் தெரிகிறது, கிணறு தெரிகிறது என்றாள். உள்ளே போனதும் கை கூப்பினாள். கூப்பின கை அப்படியே நின்றது. நர்ஸ் ஜிஷா பெட்டியைக் கழற்றியபோது நாமம் பாதி அதன் பஞ்சில் ஒட்டியிருந்தது. சுயம்புகனி சொன்னது ஒன்றே ஒன்று.

"எனக்க உருவம் அங்க இல்ல."

ஐயாவின் கண்ணாடி முன்னால் நின்றும் உருவம் தெரியவில்லை என்றால், ஐயா தன் உயிரை எடுத்தாயிற்று என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். செத்தவளுக்கு எதற்குக் கஞ்சி?

வைகுண்டராஜன் ஆண்கள் குளியலறையிலிருந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டுபோய் அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். அவள் பார்த்தாள்.

"இது ஆம்பிளைய மழிக்குத கண்ணாடி. ஐயாவுக்க கண்ணாடில இல்லாதது இதுல இருந்து என்ன?"

அவர் தேவகுமாரிடம் போய் நின்றார். ஒரு வண்டி பிடித்துத் தந்தால் போதும், நிஜக் கண்ணாடியைக் காட்டிவிட்டு அரை நாளில் திரும்பிவிடலாம், கையெழுத்தைத் தானே போடுகிறேன் என்று கெஞ்சினார். அவரும் இல்லத்தில் சேர்க்கப்பட்டவர், அவர் கையெழுத்து செல்லாது என்றான் அவன். மகனுக்குப் போன் போட்டான். மகன் டிரிப் ஏற்றச் சொன்னான். ஊசி குத்த வந்த கையை அவள் தட்டிவிட்டாள்.

படம் பிடிக்கும்போது கண்ணாடியில் கேமராவும் அதன் ஸ்டாண்டும் தெரிந்ததாம். அசிங்கமாக இருக்கிறதென்று கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார்களாம். தேவகுமார் இதை அவளிடம் இரண்டு தடவை விளக்கினான். அவள் காதில் ஏறவில்லை. தன் வாயால் சொன்னால் நம்புவாள் என்று வைகுண்டராஜனுக்குத் தோன்றியது. அவளிடம் அவர் பொய் சொன்னதே இல்லை. பார்க்காததைச் சொல்கிற வழக்கமும் இல்லை.

மறுநாள் காலையில் ஜிஷாவிடம் போய்ப் பெட்டியைக் கேட்டார். தாங்கலுக்குள் ஆண்கள் போகிற முறைப்படி சட்டையைக் கழற்றினார். தோர்த்துத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டினார். தலைப்பாகை மேல் பெட்டியின் வார் நிற்காது, அவிழுங்கள் அப்பா என்றாள் அவள்.

"மெஷின்ல எனக்கு நம்பிக்கை இல்ல பிள்ளே. அதுக்காக ஐயாவுக்க முன்ன வெறுந்தலையோட நிக்க முடியாது."

கடைசியில் அவளே பெட்டியை அவர் முகத்தோடு சேர்த்துக் கையால் பிடித்துக்கொண்டாள்.

விளக்குகள் எரிந்தன. நடுவே கண்ணாடி. அதில் எதிர் வாசலும் வெயிலும் தெரிந்தன, ஆள் இல்லை. காரணம் தெரிந்திருந்தும் இன்னொரு தடவை தேடினார். கையைத் தூக்கினார். கண்ணாடியில் கை வரவில்லை. போதும் எடு என்றார்.

நேரம் காலம் பார்க்காமல் ஜிஷா அவரைப் பெண்கள் கட்டடத்துக்குள் விட்டாள். சுயம்புகனி சுவரைப் பார்த்துக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது.

"ஏட்டி, நானும் பாத்தேன். எனக்க உருவமும் அதுல இல்ல. எல்லாம் மெஷினுக்க கோளாறு, கேட்டியா?"

அவள் மெல்லத் திரும்பினாள். மூன்று நாள் பயம் அந்த முகத்திலிருந்து வடிவதை அவர் பார்த்தார்.

"நீங்களும் போயாச்சா?"

"இல்லட்டி. எனக்க கையப் பிடிச்சுப் பாரு, சூடு இருக்கு."

"அப்பிடித்தான் தோணும். எனக்கும் மொதல்ல அப்பிடித்தான் இருந்து." அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஒத்தைக்குக் கெடக்கணுமேன்னு பயந்துதான் கஞ்சி எறங்கல. இனி ஒண்ணுமில்ல. கஞ்சி இருந்தா தாங்க."

ஜிஷா ஓடிப்போய்க் கஞ்சி கொண்டுவந்தாள். அவர் முதல் கரண்டியை அவள் வாயருகே கொண்டுபோனபோது சந்தேகமாகப் பார்த்தாள்.

"நீங்க எப்பம் போனிய?"

கரண்டி நடுவிலேயே நின்றது. உயிரோடு இருக்கிறேன் என்று சொன்னால் அந்த வாய் மறுபடி மூடிக்கொள்ளும். ஜிஷா தரையைப் பார்த்தாள்.

"இன்னைக்குக் காலம்பற," என்றார் வைகுண்டராஜன்.

அவள் வாயைத் திறந்தாள். கிண்ணம் காலியாகும் வரை குடித்தாள். பிறகு அவர் கையைப் பிடித்தபடியே தூங்கினாள்.

தேவகுமார் வந்து பார்த்து மலர்ந்துபோனான். கடைசியில் பெட்டிதானே குணமாக்கியது, அடுத்த வாரம் இரண்டு பேரையும் சேர்த்துக் காஷ்மீர் கூட்டிப்போகலாம் என்றான். வைகுண்டராஜன் கையை மெல்ல உருவிக்கொண்டார்.

"வண்டி எப்பம் பிடிச்சுத் தருவிய தம்பி? அவளுக்கு அவ உருவத்தைக் காட்டணும்."

"இனி எதுக்குப் பெரியவரே வண்டி? அம்மா சாப்பிட்டாச்சே."

அவர் கிண்ணத்தைத் தரையில் வைத்தார். சட்டை போடவும் நினைவில்லாமல், தானே வண்டி பிடிக்கத் தாழ்வாரத்தில் இறங்கி வெளிவாசலைப் பார்த்து நடந்தார். அம்மைக்குப் பயமில்லை, நல்லா இருக்காங்க என்று தேவகுமார் மஸ்கட்டுக்குச் சொல்வது பின்னாலிருந்து கேட்டது. அதில் ஒரு வார்த்தையையும் நம்பாமல் அவர் நடந்துகொண்டிருந்தார்.