தாடைக்கும் தோளுக்கும் நடுவே

என் ஓரகத்திக்குத் தோள் முந்தும். பேஸ்பாலில் பேட் வீசுகிறவளுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. முதலில் இடுப்பு திரும்ப வேண்டும், அதன் பின்னால்தான் முன்தோள் திறக்க வேண்டும். இவளுக்கோ தோள் அவசரப்பட்டுத் திறந்துகொள்ளும்; விலகி வரும் பந்தைப் பேட் எட்டவே எட்டாது.

இருவருக்கும் ஒரே துணி ஆலையில், சோதனைப் பிரிவில் வேலை. ஓடும் துணியில் ஓட்டை, கறை, விட்டுப்போன இழை எல்லாவற்றையும் கண்ணால் பிடிக்க வேண்டும். ஒப்பந்த வேலைதான். ஆலையின் பெண்கள் பேஸ்பால் அணியில் ஓர் இடம் காலியானது. அதைப் பிடிப்பவளுக்கு வேலை நிரந்தரம். வீட்டில் மருமகள்கள் இரண்டு, இடம் ஒன்று. நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் வாயில், "பெரியவளப் பார்த்துக் கத்துக்கோ" என்பதுதான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சாப்பாட்டு இடைவேளையில் கிடங்குக்குப் பின்னால் பழகுவோம். மடித்த கைக்குட்டையைத் தாடைக்கும் முன்தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேட்டை வீச வேண்டும். இடுப்பு திரும்பும் முன்பே துணி விழுந்தால் தோள் முந்திவிட்டது என்று அர்த்தம். பந்தையே பார்க்கிறவளுக்கு அந்த வேகத்தில் அது தெரியாது. எதிரே நிற்பவள்தான் சொல்ல வேண்டும். எதிரே நின்றவள் நான்.

"எப்போடி விழுந்துச்சு?"

"அடிச்சப்புறம்தான்க்கா. இப்படியே அடிங்க, போதும்."

பச்சைப் பொய். மூன்று வாரம் கூசாமல் சொன்னேன். அவளானால், "உனக்கும் அந்த இடம் வேணும்தானே, இருந்தும் எனக்காக வெயில்ல நிக்கிறியேடி" என்று உருகுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தேர்வு நாள் வந்தது. எங்கள் பிரிவு சூப்பர்வைசர்தான் கோச்சும். பத்துப் பந்தில் எனக்கு ஏழு பட்டது. அவள் பத்துக்கும் காற்றைத்தான் அடித்தாள்.

"தோள் முந்துதோ?" என்றார் கோச்.

"இல்ல சார். துணி வச்சு தினமும் பழகினேன். இவதான் பார்த்தா. சொல்லுடி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இடம் எனக்கு என்று ஆகிவிட்டது, உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் முன்னால் பொய்க்காரி என்று பெயர் வாங்க யாருக்கு மனசு வரும்?

"தோள் சரியாத்தான் சார் இருந்துச்சு. ஒரு நாள்கூட முந்தல."

கோச் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தோள் சரின்னா பந்துதான் தெரியல. பத்துல ஒண்ணுகூடப் படலையே. இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு துணியில என்னத்தம்மா பார்த்தே இத்தனை நாளா?"

ஒப்பந்தக்காரியைக் கண் டாக்டரிடமா அனுப்புவார்கள்? சாயங்காலமே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அவள் அழவில்லை. வாசலில் நின்று உள்ளங்கையை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள், தள்ளிப் பிடித்தாள், மறுபடி கிட்டே கொண்டுவந்தாள்.

"எனக்கே தெரியாம கண்ணு போயிருக்குடி."

அவள் சாப்பாட்டுப் பையையும் நானே வாங்கிக்கொண்டு நடந்தேன்.

பெரிய சாலை வந்ததும் நின்றுவிட்டாள். இத்தனை வருடம் எனக்கு முன்னால் விறுவிறுவென்று கடந்து போகிறவள், என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி வருதான்னு நீயே பார்த்துச் சொல்லுடி."

பார்த்துச் சொன்னேன்.