கஞ்சிக் கணக்கு நிரல்

தவ்பீக் அண்ணனுக்கு என் வலைத்தளத்தைக் கண்டாலே இளக்காரம். கோரிப்பாளையத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். தமிழில் ஜாவாஸ்கிரிப்ட் பாடம் எழுதி நான் யாரைக் கரையேற்றப் போகிறேன் என்று கேட்பார். அப்பேர்ப்பட்ட மனிதர், போயும் போயும் அன்றைக்குப் பார்த்து என்னை நம்பித் தொலைத்தார்.

ரமலான் மாதம். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பண்டாரி காய்ச்சலில் படுத்துவிட, கமிட்டிக்காரர்கள் அந்த வேலையை அண்ணன் தலையில் கட்டிவிட்டார்கள். அடுப்படிப் பக்கமே போகாத ஆள். மதியம் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் வாய்ஸ் வந்தது.

“ஷைமா, உன் சைட்டுல ஐந்நூறு பேருன்னு போட்டேன். எம்புட்டு அரிசின்னு சொல்லிருச்சு. அம்புட்டையும் அண்டாவுல போட்டாச்சு. பரவாயில்லயே நீ!”

அது பெருக்கல் பாடத்துக்கு நான் எழுதிய எடுத்துக்காட்டு. ஆள் எண்ணிக்கையைத் தட்டினால், தலைக்கு இத்தனை கிராம் என்று பெருக்கி மொத்த அரிசியைக் காட்டும். தலைக்கு எட்டு கிராம் என்று வாய்க்கு வந்ததைப் போட்டு வைத்திருந்தேன். அட மனுசா, பாடத்தில் இருக்கிற கணக்கை நம்பி யாராவது அடுப்பு மூட்டுவார்களா!

மாலை அஸர் தொழுகை முடிந்ததும் தூக்குவாளியோடு வரிசை நிற்கும். பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் படாத வாய்கள். அத்தனை பேருக்கும் வெந்நீரை ஊற்றி அனுப்பினால் அண்ணன் அந்தத் தெருவில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்? போன் போட்டேன், எடுக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்தேன். எட்டேதான் இருந்தது.

துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு படியிறங்கியபடியே பவதாரிணியைக் கூப்பிட்டேன். செல்லூர்க்காரி, என்னோடு கல்லூரியில் படித்தவள். நான் எழுதுகிற எடுத்துக்காட்டுகளைச் சரிபார்த்துத் தளத்தில் ஏற்றுவது அவள்தான்.

“பவா, அந்தக் கஞ்சிப் பக்கத்த மொதல்ல தூக்குடி! எட்டு கிராம நம்பி எங்கண்ணன் அரிசி போட்டிருச்சு!”

“எட்டா? அது இப்ப அறுபதுல்ல!”

அப்படியே நின்றேன். “யாரு மாத்துனா?”

“நாந்தான். போன வாரம் ஏத்தும்போதே மாத்திட்டேன். உன் லேப்டாப்புல பழசு கெடக்கும். எக்ஸாம்பிள்னா செஞ்சு பாக்கணும்ல? எங்க வீட்டுத் தறிக்கு நூல் நிறுக்குற தராசுல நாலு பேருக்கு அரிசி நிறுத்து, காய்ச்சிப் பாத்தேன். எட்டுல வெறும் தண்ணிதான். கூட்டிக் கூட்டிப் போட்டு, அறுபதுலதான் நீ வருசா வருசம் குடுக்குற கஞ்சி மாதிரி வந்துச்சு. வீடெல்லாம் கஞ்சின்னு எங்கம்மா ஏசுது.”

“அடிப்பாவி! சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!”

கத்தியபடியே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். போனில் தளத்தைத் திறந்து ஐந்நூறு என்று தட்டினேன். முப்பது கிலோ என்றது. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது.

நோன்பு திறக்கச் சற்று நேரம் இருக்கையில் அண்ணன் வீட்டுக்கு வந்து, சட்டையெல்லாம் புகை நாற, தரையில் உட்கார்ந்தார்.

“கடைசியா வந்த ஆளுக்கும் கெடச்சிருச்சு. நெசமாச் சொல்றேன் ஷைமா, காலையிலருந்து எனக்கு ஒரே பயம். யார்ட்ட கேட்டாலும் சிரிப்பாய்ங்க. அந்தப் பக்கத்துக்குக் கீழ உன் பேரு இருந்துச்சு. தங்கச்சி தப்பாச் சொல்லாதுன்னு போட்டுட்டேன்.”

தங்கச்சி தப்பாகத்தான் எழுதியிருந்தாள். பவாவுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்து, “நீயே கேளு” என்றேன்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணனுக்குக் கண் கலங்கியது. “உனக்குக் கஞ்சி எடுத்துட்டு வாரேன்மா” என்று மட்டும் சொன்னார். கஞ்சித் தூக்குவாளியை எடுத்து, வழியில் நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பாங்கு சொல்லும் வரைகூட நிற்காமல் செல்லூருக்கு வண்டியைக் கிளப்பினார்.