கறித்தூள் மணத்த வேட்டைப் பை

மான் வேட்டைக்கென்று ஒரு பையை இவ்வளவு சரியாகத் தெரிவு செய்தவன் உலக வரலாற்றில் தன்னைத் தவிர வேறு எவனும் இல்லை என்று றொய்சன் உறுதியாக நம்பினான். நம்பியதோடு நிற்காமல், கனடாவின் மார்க்கம் நகரில் கஸ்பர் அங்கிளின் சோபாவில் இருந்துகொண்டு அதை அவருக்கே விளக்கினான்.

“அங்கிள், காட்டுக்குப் போறவனை முகத்திலை அறியேலாது. முதுகிலைதான் அறியலாம். பை பிழைச்சால் எல்லாம் பிழைச்சிடும்.”

இதை அவன் பகிடிக்குச் சொல்லவில்லை. தான் அதுவரை காட்டுக்கே போனதில்லை என்பதையும் சொல்லவில்லை. வேட்டை உரிமத்துக்கான சோதனையைக் கோடையில் பாஸ் பண்ணியிருந்தான்; மிச்சத்தை யூரியூப் படிப்பித்திருந்தது.

கஸ்பர் ஒவ்வொரு நவம்பரும் ஒஷாவாவுக்கு வடக்கே வில்லும் அம்புமாகக் காட்டுக்குள் இறங்குகிறவர். ஓரிடத்தில் பரண் கட்டிக் குந்தியிருக்கிற ஆள் இல்லை. ஏணித்துண்டு, கால் வைக்கும் தட்டு, இடுப்பை மரத்தோடு பிணைக்கும் பட்டி எல்லாவற்றையும் முதுகில் சுமந்து, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, அன்றைக்குத் தோன்றிய மரத்தில் ஏறுவார். அவருடைய மகள் செலீனைக் கட்டுவதற்கு இந்த வழியாகத்தான் போகவேண்டும் என்பது றொய்சனின் கணிப்பு. அது சரியான கணிப்புத்தான். கராஜுக்குள் வாயைத் திறந்ததுதான் பிழை.

விடைபெற்று அந்த வழியாக வெளியே வரும்போது, ஆணியில் வெளிறிப்போன றோஸ் நிறப் பள்ளிக்கூடப் பை ஒன்று தொங்கியது. அதில் கண் சிமிட்டும் யூனிகோன்.

“உதை இன்னும் எறியேல்லையோ அங்கிள்? உதைப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனால் அம்பே தேவையில்லை. மான் சிரிச்சுச் சிரிச்சே செத்துப்போம்.”

செலீன் அவன் காலை மிதித்தாள். நேரம் பிந்திவிட்டது.

“உதுதான் தம்பி என்ரை வேட்டைப் பை,” என்றார் கஸ்பர். “செலீன் கிண்டர்காடின் போகேக்கை வாங்கினது.”

பிறகு கராஜ் கதவு ஏறும் சத்தத்தை விட மெதுவாகச் சொன்னார்: “சனிக்கிழமை விடிய வாரும். உம்மடை பையைப் பாப்பம். அது சரியெண்டால் உங்கடை கதையைக் கதைப்பம். ஞாயிற்றுக்கிழமை ஒஷாவா ஆக்கள் செலீனைப் பொம்பிளை பாக்க வருகினம்.”

ஒஷாவா ஆக்களின் மகன் பல் டொக்டர். அவனுக்கு ஒரு பையும் தேவையில்லை.

றொய்சன் வாடகைக்கு இருந்தது வோபர்ன் பகுதியில், மங்கையற்கரசி அன்ரி வீட்டு பேஸ்மென்றில். அந்தக் கிழமை முழுக்கப் பையைக் கட்டினான், அவிழ்த்தான், திரும்பக் கட்டினான். மனித வாடை மானின் மூக்குக்கு எட்டக்கூடாது என்று பையை மணமில்லாத சவர்க்காரத்தில் கழுவினான். சாமான்களைத் தனித்தனி பிளாஸ்ரிக் பைகளில் போட்டான். உடுப்பை மூடின பெட்டியில் வைத்தான். பையை மட்டும் சுவரில் கொழுவினான். பார்த்து ரசிப்பதற்கு.

வெள்ளிக்கிழமை வேலையால் வந்து கதவைத் திறந்தவன் தொடர்ந்து தும்மினான். மேலே அன்ரி செத்தல் மிளகாயும் மல்லியும் பெருஞ்சீரகமும் வறுத்துக்கொண்டிருந்தார். ஒரே ஹீற்றர், ஒரே குழாய். மேல்வீட்டுச் சட்டியின் வாசம் முழுவதும் அந்தக் குழாயால் இறங்கி, நேரே பையின் மேல் ஊதிக்கொண்டிருந்தது.

றொய்சன் பையை மோந்து பார்த்தான். இறைச்சிக் கறி மணத்தது. மான் இன்னும் உயிரோடு இருக்கையில் அதன் கறி மணம் முன்னால் போவது நல்லதில்லை.

“ஏன் தம்பி சொல்லேல்லை?” என்று அன்ரி உண்மையாகவே மனம் வருந்தினார். “பொறும், நான் மணத்தை எடுத்துத் தாறன்.” கரிச்சட்டியோடு கீழே வந்து, அவன் தடுப்பதற்குள் பைக்குள் சாம்பிராணிப் புகை பிடித்தார்.

செலீனுக்குப் போன் எடுத்தான்.

“இப்ப என்ன மணக்குது?” என்றாள்.

“கோயிலிலை ஆட்டுக்கறி காய்ச்சின மாதிரி.”

“ஸீரியஸ்லி? டூ சம்திங், றொய்சன். அம்மா ஞாயிற்றுக்கிழமைக்குக் கேக் ஓடர் பண்ணிட்டா. நான் என்ன செய்ய? கேக்கை வெட்டவோ?”

அவன் பையோடு குளியலறைக்கு ஓடினான். குளியல் தொட்டியில் முழங்காலில் நின்று பையைத் தேய்த்தான். பேக்கிங் சோடா போட்டான், வினாகிரி ஊற்றினான். இடையில், சின்ன வயதில் முதல் நன்மை எடுத்தபின் வாயில் வராத ஜெபங்களும் வந்தன. கைத்தோல் உரிந்தது, மணம் போகவில்லை. கடைசியில், காற்றாவது கொண்டுபோகட்டும் என்று பின்வளவு வேலியில் தொங்கவிட்டான்.

விடியப் பார்த்தபோது பை உறைந்து பலகையாகியிருந்தது. அதன் ஸிப் அசையவில்லை. வேறு பை இல்லை. அதைத் தூக்கிக் காரின் பின்சீற்றில் நிமிர்த்தி வைத்து, ஒரு ஆளை ஏற்றிப் போவதுபோல மார்க்கம் போனான். வழியில் ஹீற்றர் சூட்டில் பை இளகியது. மணமும் எழும்பியது.

கஸ்பர் கார்க் கதவைத் திறந்தார், மோந்தார், மெதுவாக மூடினார்.

“ஆர் வறுத்தது?”

“மேல்வீட்டு அன்ரி.”

“நல்ல தூள்.”

அதற்குமேல் றொய்சனால் மறைக்க முடியவில்லை. “அங்கிள், நான் ஒருநாளும் காட்டுக்குப் போகேல்லை.”

“அது நீர் சோபாவிலை இருக்கேக்கையே தெரியும்.”

ஈரப் பையைத் திறந்து நிலத்தில் கொட்டினார். சிறிய அடுப்பு, மடக்குக் கதிரை, இன்னொரு சிறிய அடுப்பு எல்லாம் விழுந்தன. பிளாஸ்ரிக்கில் இருந்தவை மணமில்லாமல் தப்பியிருந்தன. கயிறு, கத்தி, தண்ணீர், இடுப்புப் பட்டி, தலை விளக்கு ஆகியவற்றை மட்டும் பொறுக்கினார். பிறகு ஆணியிலிருந்து யூனிகோன் பையை இறக்கி, தன் சாமான்களை ஒரு பாஸ்மதி அரிசிப் பைக்குள் மாற்றிக் கயிறு போட்டார். பொறுக்கினவற்றைப் போட்டு யூனிகோனை அவனிடம் நீட்டினார்.

“கழுவிக் கழுவித் துணி செத்துப்போச்சு. கொப்பிலை உரஞ்சினாலும் சத்தம் வராது. மானுக்கு உந்த நிறமும் தெரியாது, மூக்குத்தான் தெரியும்.”

வாசற்படியில் நின்ற செலீன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று றொய்சன் பார்க்கத் துணியவில்லை.

காட்டோரம் காரை விட்டு இறங்கியதும் கஸ்பர் ஏணித்துண்டுகளை அந்தப் பைக்கு வெளியே வரிந்து கட்டினார். பட்டிகள் ஐந்து வயதுப் பிள்ளையின் தோளுக்குத் தைத்தவை. அவன் அக்குளைப் பிடித்து இறுக்கின.

“அங்கிள், நாளைக்கு ஒஷாவா ஆக்கள்...”

“பின்னேரம் மட்டும் வாயை மூடிக்கொண்டிரும், பாப்பம். இருந்தால் நானே அவைக்குப் போன் எடுத்துச் சொல்லுறன். முன்னாலை நடவும்.”

றொய்சன் வாயை மூடினான். காற்று முகத்தில் அடித்தது. முதுகில் யூனிகோன் கண் சிமிட்ட, சருகில் காலை மெல்ல ஊன்றி நடந்தான்.